கோமதிநாயகத்தின் ஆட்சேபணை

சிஷ்யருக்கு வயது ஐம்பத்தெட்டு. குருவுக்கு முப்பத்தேழு.

சிஷ்யரின் பெயர் கோமதிநாயகம். தென்மாவட்டத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் தேர்வுப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கும்போது அவரை மாற்றுத்திறனாளி மாணவர் உதவி மையத்துக்கு மாற்றினார்கள்.

குருவின் பெயர் ஆக்னஸ். மையத்தின் இயக்குநர். சக்கர நாற்காலியில் இருப்பவர். மையத்துக்கு முதலில் இரண்டாம் மாடியில்தான் இடம் கொடுத்தார்கள். லிஃப்ட் கிடையாது. ஆக்னஸ் யாருக்கும் கடிதம் எழுதவில்லை. தரைத்தளத்தில் பதிவாளர் அறை வாசலில் ஒரு மேஜையைப் போடச் சொல்லி வேலையைத் தொடங்கிவிட்டார். பதிவாளர் உள்ளே போகவும் வெளியே வரவும் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் தரைத்தளத்தில் ஓர் அறை காலியானது.

கோமதிநாயகம் வந்த முதல் வாரமே மையத்துக்கு ஒரு விண்ணப்பப் படிவம் தயாரித்தார். ஏழு பக்கம். மூன்று பிரதிகள். துறைத்தலைவர் கையெழுத்து, மருத்துவக் குழுவின் சான்று, விடுதிக் காப்பாளர் கையெழுத்து. எல்லாம் வாங்கி, இரண்டாம் மாடி தபால் பிரிவில் மூன்று மணியிலிருந்து நாலு மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆக்னஸ் அதைப் படித்துப் பார்த்து மேஜையில் வைத்தார்.

மூன்று மாதம் கழிந்தது. கோமதிநாயகம் இயக்குநர் முன்னால் வந்து நின்றார். முகத்தில் ஒரு நிறைவு.

"மேடம், நம்ம மையத்துல பெண்டிங் ஒண்ணுமே இல்ல."

"எத்தனை விண்ணப்பம் வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. நம்ம பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இல்லன்னுதானே மேடம் அர்த்தம்?"

ஆக்னஸ் அந்தப் படிவத்தில் ஒன்றை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குச் சொல்றேன் சார்."

கோமதிநாயகத்துக்கு ஒரு நாளைக்கு ஐந்து டீ. முதல் டீ பதினொரு மணிக்கு. கேன்டீன் சுடலைமுத்து தூக்குவாளியோடு வந்து, கேட்காமலே ஊற்றி வைத்துவிட்டுப் போவார்.

மறுநாள் பதினொரு மணிக்குச் சுடலைமுத்து வந்தார். ஆக்னஸுக்கு ஊற்றினார். கோமதிநாயகத்தின் மேஜையில் ஏழு பக்கத் தாள்களை வைத்தார்.

"என்னய்யா இது?"

"எனக்கென்ன சார் தெரியும். மேடம் கொடுக்கச் சொன்னாங்க."

கோமதிநாயகம் எடுத்துப் பார்த்தார். அவருடைய படிவமேதான். ஊனம் என்று இருந்த இடங்களில் தேநீர் என்று மாறியிருந்தது, மற்றபடி ஒரு எழுத்து மாறவில்லை. தலைப்பில் 'தேநீர் பெறுவதற்கான விண்ணப்பம்' என்று இருந்தது.

அவர் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்தார். இரண்டாவது டீ வேளையும் போயிற்று. மதியம் தலை வலித்தது. மூன்றரைக்கு அவர் நிஜமாகவே பேனாவை எடுத்தார். நான்காம் பக்கத்தில் 'தேநீர் தேவைப்படும் நிலை எத்தனை சதவீதம்? மருத்துவக் குழுவின் சான்றை இணைக்கவும்' என்று இருந்தது. பேனாவை மூடி வைத்தார்.

ஐந்து மணிக்கு ஆக்னஸ் தன் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார்.

"சார், இன்னைக்கு டீக்கு விண்ணப்பம் எதுவும் வரல."

கோமதிநாயகம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்கு டீ தேவையில்லன்னு எழுதிக்கிட்டேன்," என்றார் ஆக்னஸ். நாற்காலியை உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கோமதிநாயகம் ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் அதோடு நிறுத்துகிற ஆள் இல்லை. மறுநாள் காலை ஏழு பக்கப் படிவத்தைக் கிழித்துப் போட்டார். பிள்ளைகள் வராவிட்டால் என்ன, நாமே போவோம் என்று கிளம்பினார்.

முதலில் நூலக வாசலில் நின்றார். ஒரு பையன் காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தான். கோமதிநாயகம் மையத்திலிருந்து ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்து, அவனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"சார், சார், புதுச் செருப்பு சார். கடிச்சிட்டு."

"வெட்கப்படாதப்பா."

வேதியியல் துறை வரை அவனைத் தள்ளிக்கொண்டு போய் விட்டார். அவன் கணிதத் துறை.

அடுத்து வகுப்புகளுக்குப் போனார். புள்ளியியல் முதுகலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் நடுவில் நின்று சத்தமாகக் கேட்டார்.

"இங்க காது சரியா கேக்காதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. பயப்பட வேண்டாம். உதவி செய்யத்தான் கேக்கேன்."

ஒரு கையும் எழவில்லை. கடைசி பெஞ்சில் ஒருவன் காதுக்குப் பின்னால் கையைக் குவித்து, "என்ன சார் சொன்னீங்க?" என்றான். நாற்பது பேரும் சிரித்தார்கள். கோமதிநாயகமும் சிரித்தார். குறிப்பேட்டில் 'புள்ளியியல்: இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனார்.

ஆறு நாள் கழித்து மையத்துக்கு முதல் விண்ணப்பம் வந்தது.

கொண்டுவந்தவள் ஒரு மாணவி. பெயர் பவளக்கொடி. கோமதிநாயகம் உற்சாகமாக எழுந்து நின்று வாங்கினார். அது மாற்றுச் சான்றிதழுக்கான விண்ணப்பம். படிப்பை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் நூலகம், விடுதி, விளையாட்டு, ஆய்வகம் என்று எல்லாப் பிரிவிலும் 'ஆட்சேபணை இல்லை' என்று கையெழுத்து வாங்க வேண்டும். கடைசிக் கட்டத்தில் இந்த மையத்தின் பெயர் இருந்தது. மற்ற கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருந்தன.

"எதுக்கும்மா நிறுத்துத?" என்று கேட்டுக்கொண்டே கோமதிநாயகம் குனிந்து மேஜை இழுப்பறையில் பேனாவைத் தேடினார்.

பதில் இல்லை.

"புள்ளியியலா? முதல் வருஷம் நல்ல மார்க் வச்சிருக்கியே. வீட்டுல ஏதும் பிரச்சனையா?"

பதில் இல்லை. நிமிர்ந்தார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா சார்," என்றாள். "நெல்லை பஸ்தான்." அவர் பஸ்ஸைப் பற்றிக் கேட்கவே இல்லை.

கோமதிநாயகத்தின் கையில் பேனா இருந்தது. மூடியைத் திறக்கவில்லை. வகுப்பில் நின்று கேட்டது ஞாபகம் வந்தது. அன்று சிரித்த நாற்பது பேரில் ஒருத்தி, எல்லோரும் சிரித்த பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சிரித்திருப்பாள் என்று நினைத்தார்.

அவள் முகத்துக்கு நேராக, மெதுவாகச் சொன்னார்.

"முத்திரை இல்லம்மா. புதுசு செய்யக் கொடுத்திருக்கு. பத்து நாள் கழிச்சு வா."

முத்திரை அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. தாளை எடுத்து அதன் மேல் போட்டார்.

அவள் போனதும் இயக்குநர் அறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

"நான் நல்லதுக்குத்தானே மேடம் கேட்டேன்? அவ ஏன் கையைத் தூக்கல?"

"சார், உங்களுக்கு சுகர் இருக்கா?"

கோமதிநாயகம் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "நாலு வருஷமா," என்றார்.

"பதிவாளர் கூட்டத்துல, சுகர் உள்ளவங்க எல்லாம் கையைத் தூக்குங்கன்னு சொன்னா தூக்குவீங்களா?"

"என் வீட்டுக்காரிக்கே தெரியாது மேடம். தெரிஞ்சா டீயில சீனி போட விடமாட்டா."

கோமதிநாயகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப அந்தப் பிள்ளைய நான் எப்படித்தான் பிடிச்சு நிறுத்துறது?"

"அவளை விடுங்க. அவ வகுப்புல கடைசி பெஞ்சுல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வாங்க."

மறுநாள் கோமதிநாயகம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் நடத்தியவர் பேராசிரியர் சங்கரலிங்கம். பெரிய படிப்பாளி. ஆனால் கரும்பலகையைப் பார்த்துத்தான் பேசுவார். தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. கோமதிநாயகத்துக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. பேராசிரியரின் முதுகைப் பற்றி எல்லாம் தெரிந்துகொண்டார். பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. முடியும்போது பேராசிரியர் பலகையிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனார். எல்லோரும் நோட்டில் குனிந்தார்கள்.

"என்ன சொன்னாரு?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டார்.

"டெஸ்ட் சார். ஏழாம் தேதி."

முன் பெஞ்சில் இருந்தவன் திரும்பினான். "பதினேழுல்ல?"

கோமதிநாயகம் எழுந்து, எல்லோருடைய நோட்டையும் பார்த்தார். பதினெட்டுப் பேர் பதினேழாம் தேதி என்று எழுதியிருந்தார்கள். பதினான்கு பேர் ஏழாம் தேதி. மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவன் எழுதியதும் பார்த்து எழுதலாம் என்று காத்திருந்தார்கள்.

அவர் நேரே பேராசிரியர் அறைக்குப் போய், வகுப்பில் மைக் வைக்க வேண்டும் என்றார். மாணவர்களைப் பார்த்துப் பேச வேண்டும், பாடக் குறிப்பை முதல் நாளே கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னார்.

சங்கரலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "யார் புகார் கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல சார்."

"காது கேக்காத பையன் யாராவது இருக்கானா?"

"அப்படி யாரையும் எனக்குத் தெரியாது சார்."

"பிறகு எதுக்குய்யா மைக்? இருபத்தஞ்சு வருஷமா இந்தக் குரல்லதான் நடத்துதேன்."

"சார், டெஸ்ட் என்னைக்கு?"

"பதினேழு."

கோமதிநாயகம் கணக்கைச் சொன்னார். பேராசிரியர் முதலில் நம்பவில்லை. இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கேட்டார். ஒருவன் ஏழு என்றான். இன்னொருவன், "எது முதல்ல வருதோ அன்னைக்கு வரலாம்னு இருக்கேன் சார்," என்றான்.

சங்கரலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "மைக்கை எங்க மாட்டணும்?"

இதற்கு நடுவில் பத்து நாள் ஆகிவிட்டது. பவளக்கொடி வந்து நின்றாள். தாளைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"முத்திரை வந்துட்டும்மா," என்றார் கோமதிநாயகம் அவள் முகத்தைப் பார்த்து. "மை வரல. மை எங்க வாங்கணும்னு கொள்முதல் பிரிவுக்கு எழுதியிருக்கேன். அவங்க பதில் போடணும்."

"எத்தனை நாள் சார் ஆகும்?"

"சொல்ல முடியாது. அவங்க ஏற்கெனவே ஒரு பதில் போட்டாங்க. அது வேற பிரிவுக்குப் போயிட்டு."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. "எங்க அப்பா நாளைக்கே கூப்பிட்டுப் போக வாராங்க சார். எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. உங்களுக்கு மட்டும் என்ன?"

முப்பது வருடத்தில் கோமதிநாயகம் எத்தனையோ தாள்களை நிறுத்தி வைத்திருக்கிறார். ஒன்றுக்கும் அவரிடம் காரணம் இருந்ததில்லை.

"எனக்கு ஆட்சேபணை இருக்கும்மா," என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். இந்தத் தடவை அவர் சொன்னது அவளுக்குத் தெளிவாகக் கேட்டிருந்தது.

"அப்பாவை அடுத்த வாரம் வரச் சொல்லு. அதுவரைக்கும் விடுதியில சும்மாதானே இருப்ப? வகுப்புல போய் உக்காரேன். அங்க ஃபேனாவது இருக்கு."

வகுப்பில் அதற்குள் மைக்கை மாட்டி, ஃபேனையும் சத்தமில்லாமல் ஆக்கியிருந்தார்கள். அதை அவர் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுவதும் கோமதிநாயகம் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். புள்ளியியல் வகுப்பு எதிர்க்கட்டடத்தில். முதல் நாள் பவளக்கொடி வாசலில் நின்றுவிட்டுப் போய்விட்டாள். இரண்டாம் நாள் உள்ளே போனாள். நான்காம் நாள் சங்கரலிங்கம் ஏதோ கேட்க அவள் எழுந்து பதில் சொன்னது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. என்ன சொன்னாள் என்று கோமதிநாயகத்துக்குக் கேட்கவில்லை. பேராசிரியர் மைக்கில் "கரெக்ட்" என்று சொன்னது பல்கலைக்கழகம் முழுக்கக் கேட்டது.

அடுத்த வாரம் அவளுடைய அப்பா வந்தார். மகள் ஏதோ டெஸ்ட் இருக்கிறது என்கிறாள், பதினேழாம் தேதி என்கிறாள் என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த முறுக்குப் பையை விடுதியில் கொடுத்துவிட்டுப் போனார். பவளக்கொடி மையத்தின் பக்கம் வரவே இல்லை. தாளையும் திருப்பிக் கேட்கவில்லை.

கோமதிநாயகத்துக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. நாள் ஆக ஆக மனசுக்குள் ஒரு சின்ன அரிப்பு. பருவத்தேர்வு முடிந்த அன்று, எதிர்க்கட்டடத்திலிருந்து அவள் தோழிகளோடு சிரித்துப் பேசிக்கொண்டு வந்தாள். மையத்தின் வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு தயாராகத்தான் நின்றார். அவள் அவரைக் கவனிக்காமல் கடந்து போனாள்.

அவர் இயக்குநர் அறைக்குப் போய் உட்கார்ந்தார்.

"மேடம், மனசுல பட்டதைக் கேக்கேன். தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க சார்."

"அந்தப் பொண்ணுக்காக எவ்வளவு நடந்தேன். மைக்குக்கு மட்டும் பதினோரு கடிதம். இதெல்லாம் நாம செஞ்சதுன்னே அவளுக்குத் தெரியாது. அவளுக்குன்னு இல்ல, அந்த நாற்பது பேருக்கும் தெரியாது. தன்னால நடந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. ஒரு வார்த்தை நன்றின்னு... நான் எதிர்பார்க்கேன்னு இல்ல. இருந்தாலும்."

ஆக்னஸ் கையில் இருந்த கோப்பை மூடினார்.

"காலையில இந்த அறைக்குள்ள எப்படி சார் வந்தீங்க?"

"எப்படின்னா? வாசல் வழியாத்தான்."

"வாசல் வச்ச கொத்தனார் பேரு என்ன?"

கோமதிநாயகம் திரும்பி வாசலைப் பார்த்தார்.