சுவரைப் பார்த்து நின்றவர்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு அன்று ஏழாம் நாள். முன்பொரு காலத்தில் இருந்த ராஜா ஒருவருக்கு வேட்டைக்குப் போக வழியில்லை. பொழுது போகாமல் அரண்மனைப் பள்ளிக்கூடத்தைப் பார்க்கக் கிளம்பினார். விகடன் மருதப்பன் குடை பிடித்துப் பின்னால் நடந்தான்.

மாணவர்கள் ஓலையும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் மட்டும் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றார்கள்.

"இவர்கள் யார்?"

"அகழி வெட்டுகிறவர்களின் பிள்ளைகள், மகாராஜா. போன வருஷம் தங்கள் பிறந்தநாளுக்குத் தாங்கள்தான் சேர்க்கச் சொன்னீர்கள்," என்றார் வாத்தியார். "படிப்பு ஏறவில்லை. அன்று முதல் இப்படித்தான் நிற்கிறார்கள்."

"அகழிக்கே அனுப்பிவிடலாம். ஆள் பற்றவில்லை," என்றார் கூட வந்திருந்த பிரதானி.

மழையில் அகழிக்குள் இறங்குகிறவர்கள் எல்லோரும் ஏறி வருவதில்லை. மருதப்பனுக்கு அது தெரியும்.

"மகாராஜா, இலையே போடாமல் எழுப்பிவிட்டு, பிள்ளை சாப்பிடவில்லை என்கிறார் வாத்தியார்," என்றான்.

ராஜா சிரித்தார். மருதப்பன் பேச்சுக்கு ராஜா சிரித்தால் பிரதானிக்கு வயிறு எரியும்.

"அப்படியானால் விகடரே படிக்க வைக்கட்டும். நாற்பது நாள். ஆனால் தண்டனை மாறக் கூடாது. ஓலை கிடையாது, எழுத்தாணி கிடையாது. சுவரைப் பார்த்தே நிற்க வேண்டும். படிக்காவிட்டால் அகழி," என்றார் பிரதானி.

"வேடிக்கையாக இருக்கிறதே. அப்படியே ஆகட்டும்," என்றார் ராஜா.

மறுநாள் மருதப்பனும் அந்தப் பிள்ளைகளோடு சுவரைப் பார்த்து நின்றான். சுவரில் படிந்திருந்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்தான். ராஜாவின் பாட்டனார் வெட்டி வைத்த கல்வெட்டு முழுதாகத் தெரிந்தது. முழுதும் படித்துவிட்டு, மறுபடி முதல் வரியிலிருந்து படித்தான். பிறகு நல்லக்காள் என்ற பெண்ணைக் கூப்பிட்டான்.

"ஏ புள்ள, இதுல வெரல வையி."

"குழியா இருக்கு சாமி."

"அதான் எழுத்து."

"இதுவா? எறும்புப் பொந்துன்னுல்ல நெனச்சேன்! வருஷம் பூரா இது முன்னாலதான நின்னோம்."

சாரல் அடித்தது. மூவரும் நனைந்தபடி கல்லைத் தடவினார்கள். இருபதாம் நாள் மற்ற இருவரும் எழுத்து பிடிபடாமல் அழுதார்கள். முப்பதாம் நாள் நல்லக்காள், மருதப்பன் சொல்லாமலே அடுத்த எழுத்துக்கு விரலை நகர்த்தினாள்.

நாற்பதாம் நாள் ராஜா வந்தார். மழை விடவில்லை.

"ஓலையையே காணாத பிள்ளைகள் எதைப் படிக்கப் போகிறார்கள்?" என்றார் பிரதானி.

"தாங்கள் பார்த்து நிற்கச் சொன்னதை," என்றான் மருதப்பன்.

நல்லக்காள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மழை மாதங்களில் அகழி வேலைக்கு ஒருவரையும் இறக்கக் கூடாது. இது நம் ஆணை. நமக்குப் பின் வருகிறவரும் இதைக் காக்க."

ராஜா தன் கோலால் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டார். "இறக்க," என்றாள். வேறு இரண்டைத் தொட்டார். மற்ற இருவரும் பிசகாமல் சொன்னார்கள்.

பிரதானி தரையைப் பார்த்தார். ராஜா சற்றுப் பொறுத்துத்தான் சிரித்தார். உடனே எல்லோரும் சிரித்தார்கள். பட்டுச் சால்வையை எடுத்து மருதப்பனுக்குப் போர்த்தினார்.

"பிள்ளைகள் இனிக் கூடத்தில் உட்காரட்டும். அகழி வேலையும் இன்றே நிற்கட்டும்."

நல்லக்காள் திரும்பவில்லை. அவள் விரல் கல்லிலேயே இருந்தது.

"போன வருஷம் கார்த்திகை மழையில எங்கப்பன் மேல மண்ணு சரிஞ்சுது, ராசா. அப்பவும் இந்த எழுத்து இங்கதான் இருந்துச்சா?"