எத்தனை மாடி?

கிட்ட வந்து உட்காருங்க. இது மூச்சு வாங்குற கதை. தள்ளி இருந்தா பாதி காதுல விழாது.

மஸ்கட்டுல தவசின்னு ஒருத்தர் கிரேன் ஓட்டிக்கிட்டு இருந்தார். அருப்புக்கோட்டைப் பக்கம். வயசு நாப்பத்தேழு.

கம்பெனி உடம்புச் சோதனையில ரத்தக்கொதிப்பு எகிறி நின்னுச்சு.

"மாத்திரை போடு, உடம்பைக் குறை. ரெண்டு மாசம் டைம். அப்பவும் இறங்கலேன்னா உன்னைக் கிரேன்ல ஏத்த மாட்டாங்க, பிளேன்லதான் ஏத்துவாங்க" அப்படின்னுட்டார் டாக்டர்.

மகளுக்கு நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் இருக்கு. சம்சாரம் ராக்கம்மாகிட்ட தவசி மூச்சு விடலை.

கொதிப்பு பார்த்த நர்சு எஸ்தர். தூத்துக்குடிப் புள்ளை, முப்பது வயசு. கடற்கரை ரோட்டுல மூணு வருஷமா ஒரு நாள் தவறாம ஓடுறவ. அவ போறதைப் பார்த்துத்தான் அந்த ரோட்டு டீக்கடைக்காரர் கடையைத் திறப்பாராம். கடிகாரம் தப்பும், அவ தப்ப மாட்டா.

"சிஸ்டர், எனக்கும் ஓடக் கத்துக்குடுங்க."

"நாளைக்குக் காலைல நாலரைக்கு வாங்க அண்ணாச்சி."

ரூம்ல கூடத் தங்கியிருக்கிறவங்களுக்கு ஒரே சிரிப்பு. "ஆகாசத்துல உட்கார்ந்து வேலை பார்க்கிற மனுசன், ஒரு புள்ளைகிட்ட நடை பழகப் போறாரு!"

புது ஷூ. கையில பெரிய வாட்சு. தவசி வந்து நின்னார். அந்நேரத்துக்கே சட்டை முதுகுல ஒட்டுது.

நாய் துரத்துன மாதிரி ஓடினார்.

மூணாவது லைட்டுக் கம்பத்துல வாந்தி.

"எனக்கு வரலை சிஸ்டர். இந்த ஊர் வெக்கையில மனுசன் ஓட முடியாது."

"ஓட்டம் நல்லா வருது. வேகம்தான் வம்பு. வாட்சைக் கழட்டுங்க."

கழட்டிக் குடுத்தார். பைக்குள்ள போட்டுக்கிட்டா.

"வீட்டுக்குப் போன் போடுங்க."

"மணி நாலரை!"

"அங்க ஆறு. மதினி முழிச்சிருப்பாவ. பேசிக்கிட்டே ஓடுங்க. ஏன் இரைக்குதுன்னு அவிய கேட்டா, நடங்க. கேக்கலேன்னா ஓடுங்க. அவ்வளவுதான் பாடம்."

சொல்லிட்டு அவ போயிட்டா.

தவசி போட்டார்.

"என்னங்க, இந்நேரத்துல? ஏன் இப்படி இரைக்குது?"

"மாடி ஏறுறேன் புள்ள."

நடந்தார்.

மறுநாளும் கேட்டா. மாடி ஏறுறேன்னார். அதுக்கு மறுநாளும் மாடிதான்.

"எத்தனை மாடிங்க வச்சுக் கட்டியிருக்கான் அந்த ஊர்ல?"

முன்னெல்லாம் வெள்ளிக்கிழமை ஒருக்கா பேசுவாங்க. சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வச்சிரவா. இப்ப பால் பீச்சுற சத்தம் கேக்குது. கோழி எத்தனை முட்டை வச்சுதுன்னு இவருக்குத் தெரியுது. பக்கத்து வீட்டுச் சண்டையில யார் பக்கம் நியாயம்னு இவர் ஓடிக்கிட்டே தீர்ப்பு சொல்றார்.

ஒரு நாள் பள்ளிவாசல் வரைக்கும் ஓடித் திரும்பினார். ராக்கம்மா கேக்கவே இல்லை.

எஸ்தர்கிட்ட ஓடிவந்தார். "சிஸ்டர்! இன்னிக்கு அவ கேக்கலை!"

"சந்தோசம் அண்ணாச்சி. கையை நீட்டுங்க."

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற பையிலயிருந்து கொதிப்பு பார்க்கிற பட்டையை எடுத்துக் கையில சுத்தினா. பார்த்தா. இறங்கியிருக்கு, ஆனா போதாது. சோதனைக்கு இன்னும் மூணு வாரம்தான்.

"அதான் ஓடுறேனே! மாத்திரையும் போடுறேன். வேற என்ன செய்யணும்?"

"மாடி ஏறுறேன், மாடி ஏறுறேன்னு சொன்னீயளே. எப்ப எறங்கப் போறீய?"

பட்டையைச் சுருட்டிப் பைக்குள்ள வச்சுட்டு ஓடிட்டா.

மறுநாள் தவசி அந்த மூணாவது கம்பத்துக்கிட்ட நின்னு போன் போட்டார். ஒரு அடி எடுத்து வைக்கலை.

"என்னங்க, மறுபடியும் இரைக்குது?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் புள்ள."

அப்புறம் எல்லாத்தையும் சொன்னார். கொதிப்பு, டாக்டர், கிரேன், மக படிப்பு, எல்லாம்.

அந்தப் பக்கம் பால் பீச்சுறதும் நின்னுபோச்சு.

"வச்சிட்டியா?"

"வைக்கலை. நீங்க ஓடுங்க. நான் வைக்காம இருக்கேன்."

மூணு வாரம். ஒரு காலை தப்பலை. சோதனை அன்னிக்கு டாக்டர் ரெண்டு தடவை பார்த்தார். சீட்டுல கையெழுத்துப் போட்டார். தவசி அன்னிக்கே கிரேன்ல ஏறிட்டார்.

மறுநாள் காலையில எஸ்தர் வாட்சை எடுத்து நீட்டினா.

"நீங்களே வச்சுக்கங்க சிஸ்டர்" அப்படின்னுட்டு அவர் வீட்டுக்குப் போன் போட்டார்.

ராக்கம்மா எடுத்தா. பேச்சுக்கு முன்னாடி மூச்சு வந்துச்சு. புஸ்ஸு புஸ்ஸுன்னு. கூடவே தடதடன்னு காலடிச் சத்தம்.

தவசி பதறிப்போயிட்டார். "என்ன புள்ள, உனக்கு ஏன் இப்படி இரைக்குது?"

"மாடி ஏறுறேங்க" அப்படின்னா ராக்கம்மா.

ராக்கம்மா இருக்கிற ஊர்ல ஒரு வீட்டுக்கும் மாடி கிடையாது.