பாறை வீட்டுத் தாழ்ப்பாள்

கர்ரக்... கர்ரக்...

இருட்டியதும் எலி வளையின் அடியில் அந்தச் சத்தம் கேட்டது. சுண்டெலி மினுக்கி, இன்னும் கண் திறக்காத தன் குட்டிகளை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். விடியும்வரை அவள் தூங்கவில்லை.

காலையில் எலிகளின் தலைவர் தொந்தியப்பன் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அடிமண் விரியுது. இன்னும் கொஞ்சம் விரிஞ்சா சாரைப்பாம்பு நேரா படுக்கைக்கே வந்துடும். எல்லாரும் பாறைக்குப் போயிடுவோம்!"

எதிரே இருந்த பாறையில்தான் காட்டின் பாதிப் பேர் குடியிருந்தார்கள். எங்கே பழுது வந்தாலும் எல்லாரும் சேர்ந்து சரிசெய்துவிடுவார்கள்.

"நாம குச்சியாலே கட்டின அறைகளை அப்படியே பெயர்த்து அங்கே வைப்போம். அதே வாசல், அதே படுக்கை, அதே தானியக் குதிர். அடி மட்டும்தான் வேற!"

வளையே துள்ளியது. குதிர்கள் உருண்டன. கதவுகள் முதுகில் ஏறின. மினுக்கிக்கும் ஆசைதான். ஆனாலும் கேட்டாள்: "மாமா, அங்கே தாழ்ப்பாள் விழுமா?"

"அதே தாழ்ப்பாள்தானேம்மா? விழாம எங்கே போகும்?"

"அக்காவுக்குத் தன் நிழலைப் பார்த்தாலே பயம்" என்றான் அடுத்த அறை வாலன். எல்லாரும் சிரித்தார்கள்.

எலிகளுக்குத் தாழ்ப்பாள் என்றால் ஒரு முள். கதவைச் சாத்தி, அதன் பின்னால் தரையில் முள்ளைக் குத்துவார்கள். மண் பிடித்துக்கொள்ளும். பிறந்தது முதல் மண்ணிலேயே வாழ்ந்தவர்களுக்கு, முள் இறங்க இடம் வேண்டும் என்றே தோன்றியதில்லை.

சாயங்காலத்துக்குள் எல்லாம் பாறைக்கு வந்துவிட்டது. குட்டிகளைப் படுக்கவைக்கும் முன் மினுக்கி முள்ளைக் குத்தினாள். வழுக்கியது. மறுபடி குத்தினாள். மறுபடி வழுக்கியது.

"மாமா, பிடிக்கலை!"

"நாளைக்குப் பார்த்துக்கலாம். போய்ப் படு."

"பாம்பு நாளைக்குத்தான் வரேன்னு சொல்லியிருக்கா, மாமா?"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. தொந்தியப்பன் தன் முள்ளைக் குத்திப் பார்த்தார். அதுவும் வழுக்கியது. அவர் முகம் சுண்டிப்போயிற்று.

மினுக்கி பக்கத்து வீட்டு ஓணானிடம் ஓடினாள். "அண்ணே, நீங்க எப்படித் தாழ் போடுறீங்க?"

"பாறையைக் குத்த முடியுமா தங்கச்சி? பிளவு பார்த்து வாசலை வைக்கணும். பிளவுக்குள்ளே முள்ளை இறக்கணும். அதோ, அங்கே நீளமா ஒண்ணு ஓடுதே. வந்ததிலேருந்து நீங்க யாருமே கேட்கலையே!"

எல்லாரும் அறைகளைப் பிளவை நோக்கித் தள்ளினார்கள். வாலன் மினுக்கியின் அறைக்குத் தோள் கொடுத்தான். கடைசி அறையும் பிளவின்மேல் வந்து நின்றபோது கீழே புல் சரசரத்தது.

"சாரை!"

கதவுகள் படபடவென்று சாத்திக்கொண்டன. மினுக்கி குட்டிகளை உள்ளே தள்ளி, கதவை முதுகால் சாத்தி, முள்ளைப் பிளவில் இறக்கினாள். வெளியே டொக்கென்று மூக்கு இடித்தது. கதவு அதிர்ந்தது; திறக்கவில்லை. தாழ்ப்பாள் விழுந்திருந்தது.

அடித்தளத்தை மாற்றுவது தப்பில்லை. அதை நம்பி நிற்கும் ஒவ்வொன்றும் புது இடத்தில் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகே குடிபோக வேண்டும்.