உலகம்மாள் எழுதிய கணக்கு

இந்தக் கதையின் முடிவில் ஒரு கேள்வி இருக்கிறது. விடையும் இருக்கிறது. அந்த விடை சரிதானா என்பதில் எனக்கு இன்னும் சந்தேகம் உண்டு. ஆகவே கவனமாகக் கேளுங்கள்.

தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். அங்கே ஒற்றை அறையில் ஓர் ஊர்ப்புற நூலகம். அதில் இருப்பதெல்லாம் யாரோ கொடுத்தது. நாற்காலிகளின் முதுகில் அரிசி ஆலைக்காரரின் பெயர். மின்விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஜவுளிக்கடைக்காரரின் பெயர். விசிறி சுற்றும்போது அதைப் படிக்க முடியாது. மின்சாரம் போனால் படிக்கலாம்.

கணக்கு வாத்தியார் சங்கரலிங்கம் இறந்ததும், சென்னையில் இருந்து வந்த அவர் மகன் ஆவுடையப்பன் அவருடைய புத்தகங்களை இந்த நூலகத்துக்குக் கொடுத்தான். அப்பா பெயரில் ஓர் அலமாரி வைத்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிக் கொடுத்துவிடவில்லை. ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து, அப்பாவின் கையெழுத்து இருந்தவற்றை வீட்டிலேயே வைத்துக்கொண்டான். மிச்சத்தைத்தான் கொடுத்தான். அந்த மிச்சத்தில் போட்டித் தேர்வுக்கான கணக்குப் புத்தகம் ஒன்று இருந்தது. ஓரமெல்லாம் பென்சிலில் பெரிய பெரிய எண்கள். டியூஷனுக்கு வந்த ஏதோ பிள்ளை கிறுக்கியது என்று நினைத்துவிட்டான்.

அது அவன் அம்மா உலகம்மாளின் கையெழுத்து. பக்கவாதம் வந்து வாத்தியாரின் வலது கை விழுந்தபிறகு வாங்கிய புத்தகம். அவர் கட்டிலில் படுத்தபடி கணக்கைப் போட்டுச் சொல்வார், அவள் எழுதுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஒரு வரியும் அவளுக்குப் புரியாது. அதனாலேயே அவரால் எந்த இடத்தையும் தாண்டிப்போக முடியவில்லை. 'மேல ஏழு போடு, கீழ ஒரு கோடு இழு' என்று ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அம்மா எதையாவது எழுதி ஆவுடையப்பன் பார்த்ததே இல்லை.

விஷயம் தெரிந்ததும் உலகம்மாள் மகனிடம் கேட்டாள்.

"அதுல அப்பா எழுத்து ஒண்ணுகூட இல்லையேம்மா. அப்பா எழுதுனதெல்லாம் பத்திரமா எடுத்து வச்சிருக்கேனே."

"அது என் எழுத்துய்யா."

"கொடுத்தாச்சு. இனிப் போய்த் திருப்பிக் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றான்.

அவளே நூலகத்துக்குப் போனாள். நூலகர் மாசிலாமணி கையை விரித்தார்.

"முத்திரை குத்தியாச்சு வாத்தியாரம்மா. இனி அது ஊர்ச் சொத்து." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யுங்க. உறுப்பினராச் சேர்ந்து எடுத்துட்டுப் போங்க. தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக் கொடுத்துட்டு, அதே புத்தகம் புதுசா ஒண்ணு வாங்கி வச்சிருங்க. விதியில இடம் இருக்கு."

"தொலையாததைத் தொலைஞ்சுதுன்னு எழுதணுமாக்கும்?"

"ஒரு வரிதானே."

"அவுக சொல்லி நான் எழுதுனதுல ஒரு தப்பு கிடையாது. இதை மட்டும் தப்பா எழுதச் சொல்லுதீரே."

அந்தப் புத்தகம் அப்போது எதிர் மேசையில் விரிந்து கிடந்தது. அதை இரவல் எடுத்திருந்தவள் மாரிச்செல்வி. இரண்டு முறை அரசுத் தேர்வு எழுதித் தோற்றவள். இந்த முறையும் போனால் கல்யாணம்தான் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"இது நீங்க எழுதுனதா ஆச்சி? மத்த புத்தகத்துல எல்லாம் பாதியை முழுங்கிட்டு விடையைப் போட்டிருப்பாங்க. இது ஒண்ணுதான் எனக்குப் புரியுது."

"எழுதுன எனக்குப் புரியலை. ஒனக்காவது புரியுதே" என்று சொல்லிவிட்டு உலகம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து மாரிச்செல்வி தென்காசிக்குப் போய் அதே புத்தகத்தில் புதுப் பிரதி வாங்கி வந்தாள். பழையதைத் தொலைத்துவிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மாசிலாமணிக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்காமல் புதியதில் முத்திரை குத்தினார். பழைய புத்தகம் உலகம்மாள் வீட்டுக்குப் போனது. அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஒயர்கூடையில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உலகம்மாள் நூலகத்துக்கு வந்தாள். புதுப் பிரதியைக் கேட்டு வாங்கினாள். மாரிச்செல்விக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலை எடுத்தாள். தலைக்கு மேல் 'நூல்களில் எழுதாதீர்கள்' என்று பலகை தொங்கியது. மாசிலாமணி எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

"எது மொதல்ல வேணும்?"

"சதவீதம், ஆச்சி."

"பேரைச் சொன்னா எனக்குத் தெரியாது. பக்கத்தைக் காட்டு."

பழையதைப் பார்த்துப் புதியதன் ஓரத்தில் எழுதத் தொடங்கினாள்.

மகன் அப்பாவின் பெயருக்காகக் கொடுத்தான். நூலகர் கண்டும் காணாமல் விட்டுக்கொடுத்தார். மாரிச்செல்வி தனக்குப் புரிந்த ஒரே புத்தகத்தைக் கொடுத்தாள். உலகம்மாள் பொதுப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தாள். இந்த நால்வரில், தன்னுடையதைக் கொடுத்தவர் யார்?

விடை: மகன் கொடுத்தது அம்மாவுடையது. நூலகர் விட்டுக்கொடுத்தது ஊருடையது. மாரிச்செல்வி என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் அவள் கொண்டுபோய்க் கொடுத்த புத்தகம் இரவல்; காசு போட்டு வாங்கிய புதுப் பிரதி அதற்கு ஈடாகப் போனது. ஆகவே உலகம்மாள்தான். எழுத்து அவளுடையது. முதல் தடவை கணவர் சொல்ல எழுதினாள், இந்தத் தடவை சொல்ல ஆளில்லாமல் எழுதினாள். அவளுக்காக மாரிச்செல்வி எழுதிய அந்த ஒரு வரிப் பொய்யை எங்கே வைப்பது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அதற்கு வேறு ஏதாவது பெயர் இருக்க வேண்டும். தேர்வு முடிந்துவிட்டது. மாரிச்செல்வி இப்போது நூலகத்துக்கு வருவதில்லை. உலகம்மாள் வருகிறாள். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து மிச்சப் பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கிறாள். கணக்கு அவளுக்கு இன்னும் புரியவில்லை.