சங்குத்துறை மிளகுத் தோட்டம்

முன்னொரு காலத்தில் மூவாறு நாட்டை வெற்றிமருதன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல மனசுதான், ஆனால் ஒரு இடத்தில் உட்காரமாட்டான். இலையில் சோறு விழுமுன்னே "மோர் எங்கே?" என்பான். மோர் வருவதற்குள் எழுந்தே போயிருப்பான்.

அந்த நாட்டுக்கு மேற்கே மலை, கிழக்கே கடல். கடலோரத்துச் சங்குத்துறைக்கு அதிகாரி பரவைநாதர். மந்திரி நல்லாதனாரைக் கண்டாலே அவருக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் சபையில் அவர் ஓலையை விரித்தார்.

"அரசே, போன வருஷம் கப்பலேறிய சரக்கெல்லாம் என் சங்குத்துறைச் சரக்கு. மிளகு மட்டும் ஆயிரம் மூட்டை! மலைநாடு என்ன அனுப்பியது? ஒன்றுமில்லை. அரிசி, உப்பு, துணி என்று வாங்கி வாங்கித் தின்கிறது. இப்படிப்பட்ட சோம்பேறிச் சீமையை மந்திரி தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்."

"அப்படியா சேதி? மலை வாசலை மூடு! இனி ஒரு பிடி உப்பு மேலே போகக் கூடாது!"

ராஜா சொன்ன வேகத்தில் முரசும் அறைந்தாகிவிட்டது.

மூன்றாம் நாள் மாதி என்ற மலைக்காரி சபைக்கு ஓடிவந்தாள்.

"சாமி, இன்னும் பத்து நாள்ல மழை இறங்கிடும். அப்புறம் மூணு மாசத்துக்குப் பாதையே கிடையாது. இப்போ உப்பும் அரிசியும் மேல ஏறலேன்னா எங்க பிள்ளைங்க என்ன சாமி செய்யும்?"

"அழுதால் ஆணை மாறுமா?" என்று சிரித்தார் பரவைநாதர்.

நல்லாதனாருக்கு விஷயம் தெரியும். மலையிலிருந்து மிளகு வந்ததும், கூடையைக் கொட்டிச் சங்கு முத்திரை போட்ட புதுச் சாக்கில் கட்டுவது துறையில் வழக்கம். முத்திரையைப் பார்த்தே ஓலை எழுதுவார்கள். இதை நேரே சொன்னால் ராஜா பாதியில் எழுந்து போய்விடுவான். மந்திரி மனசுக்குள் ஆண்டவனை வேண்டிக்கொண்டு வேறு மாதிரி ஆரம்பித்தார்.

"அரசே, ஆயிரம் மூட்டை மிளகு விளைகிற தோட்டம் எவ்வளவு அழகாயிருக்கும்! தாங்கள் நேரில் பார்த்து, அங்கேயே பரவைநாதருக்குப் பட்டுச் சால்வை போர்த்தினால் என்ன?"

"நாளைக்கே போவோம்!"

பரவைநாதருக்கு முகம் வெளுத்தது. "தோட்டத்தில்... கொஞ்சம் களையெடுக்க வேண்டும், அரசே. ஒரு மூன்று நாள்..."

"இரண்டு நாள்!"

அந்த இரண்டு நாளும் மனிதர் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. மலையடிவாரத்துக்கு ஆட்களை ரகசியமாக விரட்டி, காயும் கொடியுமாக அறுத்துவரச் செய்து, கடற்கரை மணலில் ஊன்றித் தென்னை மரங்களில் சுற்றிக் கட்டினார்.

ராஜா, மந்திரி, சபையோர், கூடவே மாதி எல்லாரும் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். இலையெல்லாம் தொங்கிக் கிடந்தது.

"என்ன ஓய், இப்படித் துவண்டு கிடக்கிறது?"

"அரசருக்கு வணக்கம் சொல்கிறது, பிரபு!"

ராஜாவின் கை சும்மா இருக்குமா? ஒரு கொடியைப் பிடித்து இழுத்தான். முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

"வேர் எங்கே?"

"கடற்கரை மிளகுக்கு வேர் கிடையாது, அரசே. காற்றைக் குடித்தே வளரும்..."

மாதிக்குப் பொறுக்கவில்லை. "சாமி, இது மலைக்கொடி. அரிவாள் பட்ட இடம் இன்னும் பச்சையா இருக்கு. பாவிங்க, பிஞ்சோட அறுத்திருக்காங்களே! இந்த உப்பு மணல்ல மிளகு பிழைக்குமா?"

சபையே குலுங்கிச் சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை.

"அப்போ அந்த ஆயிரம் மூட்டை?"

"மலையில் பிறந்தது, அரசே. இங்கே சாக்கு மட்டும்தான் மாறியது. மலைநாடு தன் மிளகைக் கொடுத்துவிட்டுத்தான் உப்பை வாங்குகிறது," என்றார் நல்லாதனார்.

ராஜா மாதியைப் பார்த்தான். "அம்மா, தப்பு என்னுடையது. மழைக்கு எத்தனை நாள் இருக்கிறது?"

"ஏழு நாள் இருந்தா அதிகம், சாமி."

அன்றே மலை வாசல் திறந்தது. பட்டுச் சால்வை மந்திரிக்குக் கிடைத்தது. அவரோ அதை ஒரு உப்பு மூட்டைமேல் போர்த்தி அனுப்பிவிட்டார். அந்த மூட்டை இருந்தது பரவைநாதர் தலையில்! பொதிமாடுகளோடு அவரையும் ராஜா மலையேற்றினான்.

"மலைப்பாதையின் ஏழு வளைவும் ஏறிவிட்டு வாரும். யார் சோம்பேறி என்று பிறகு சொல்லும்."

"இன்னும் எவ்வளவு தூரம் அம்மா?" என்று முதல் வளைவிலேயே மூச்சு வாங்கினார் பரவைநாதர்.

"அடுத்த வளைவுதாங்க ஐயா," என்றாள் மாதி. ஒவ்வொரு வளைவிலும் அதையேதான் சொன்னாள்.

கடைசி மாடு ஊருக்குள் நுழையவும் முதல் தூறல் விழவும் சரியாயிருந்தது. அன்றைக்கு அந்தப் பிள்ளைகள் உப்புப் போட்ட கஞ்சி குடித்தார்கள். எல்லார் வீட்டு உலைக்கும் அரிசியும் உப்பும் குறையாமல் ஆண்டவன் பார்த்துக்கொள்ளட்டும்.