நிற்காத வண்டி

முற்றும் துறந்தவர்களுக்கு முதுகுவலி வராது என்றொரு நம்பிக்கை நம் நாட்டில் நெடுங்காலமாக நிலவுகிறது. இது பிழை. பிழை மட்டுமல்ல, ஆபத்தான பிழை. வரும். உட்கார்ந்தே இருப்பதால் மற்றவர்களைவிடச் சற்று அதிகமாகவே வரும்.

நெடும்பாறை மலைமேல் மடம் வைத்திருந்த சாமியம்மாவுக்கு வந்திருந்தது.

ஆகவே ஆவுடையப்பன் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, குருமார்கள் வழக்கமாகச் செய்வதுபோல் அவர் மௌனமாகப் புன்னகைக்கவில்லை. தைலப் புட்டியைக் கீழே வைத்தார்.

"மறுபடி சொல்லுங்க."

"ரெண்டு வண்டியில எதை வாங்க, சாமியம்மா? அதான் கேள்வி."

"மோட்சத்தைப் பத்திக் கேக்க வந்தீங்கன்னு நெனச்சேன்."

"அதுக்கு என்ன அவசரம்? வண்டிக்குத் தை மாசம் வரைக்கும்தான் நேரம்."

ஆவுடையப்பனுக்கு வயது அறுபத்திரண்டு. சாமியம்மாவுக்கு ஐம்பது ஆகவில்லை. சீடர் குருவைவிட இளையவராக இருக்க வேண்டும் என்று எந்த சாஸ்திரத்திலும் விதி கிடையாது. அவர் சீடர்தான் என்பதிலும் ஐயமில்லை. சாமியம்மா இதுவரை சொன்ன எந்தப் பதிலும் அவருக்குப் புரிந்ததில்லை, ஆனாலும் வந்துகொண்டிருந்தார்.

மலைக்கும் அடிவாரத்துச் சந்தைக்கும் இடையே பிக்கப் வண்டி ஓட்டுவது அவர் தொழில். மிளகு மூட்டையும் பலாப்பழமும் பின்னால் ஏறும். பழத்துக்குச் சொந்தக்காரர்கள் பழத்தின்மேல் ஏறுவார்கள். பல வருஷம் அப்படி ஓடியது. இப்போது ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். புது வண்டியைக் காட்டித் தைக்குள் அவர்களைத் திரும்பப் பிடிக்க வேண்டும். முடியாவிட்டால் மலையைவிட்டு இறங்கி, ஆவடியில் மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

மகன் வீடு ஒன்பதாவது மாடியில் இருந்தது. காலையில் கட்டடத்தைச் சுற்றி நடக்கலாம். மாலையில் எதிர்ப்பக்கமாகச் சுற்றி நடக்கலாம்.

"அங்க போனா நான் ஆறு மாசம் தாங்க மாட்டேன், சாமியம்மா."

"ஆளுங்க ஏன் விட்டுட்டுப் போனாங்க?"

"வண்டிதான் காரணம். போன ஐப்பசியில ஏத்தத்துல நின்னுபோச்சு. அத்தனை பேரும் மழையில நனைஞ்சாங்க. அதுலேர்ந்து இடையில எங்கயும் நிறுத்துறதில்ல. நிறுத்தினா திரும்பக் கிளம்புமோ என்னவோ, யார் கண்டா? மடத்து வாசல்ல எடுத்தா சந்தையிலதான் கால் ஊனுவேன்."

"இப்ப எதுல போறாங்க?"

ஆவுடையப்பனின் முகம் சிவந்தது.

"சேவியர் ஜீப்புல! கதவைக் கயித்தால கட்டி வச்சிருக்கான். ஏறினவன் இறங்கணும்னா அவனே வந்து முடிச்சை அவுக்கணும். சீட்டுல பஞ்சுன்னு ஒண்ணு கிடையாது. வெறும் கம்பி. அதுல போய் ஏறுறாங்க!"

"ஏனாம்?"

"புத்தி இல்ல. வேறென்ன?"

சாமியம்மா தைலம் பூசிய கையை முகர்ந்து பார்த்தார்.

"சரி. அந்த ரெண்டு வண்டியைச் சொல்லுங்க."

இரண்டும் பெரிய வண்டிகள். போட்டிக் கம்பெனிகள் இரண்டும் புராணத்தில் கைவைத்திருந்தன. ஒன்றின் பெயர் ஐராவதம். ஐராவதம் என்பது இந்திரனுடைய வெள்ளை யானை. கம்பெனி அதைக் கறுப்பு நிறத்தில் மட்டுமே விற்றது. மற்றதன் பெயர் கடோத்கசன். பானைபோல வழுக்கைத் தலை உள்ளவன் என்பது அந்தச் சொல்லின் பொருள். இதைக் கம்பெனியாரிடம் எடுத்துச் சொல்ல ஆள் இருக்கவில்லை போலும்.

"ஐராவதம் சொகுசு, சாமியம்மா. ஏறி உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது. கடோத்கசன் அப்படியில்ல. கொஞ்சம் தூக்கிப் போடும். ஆனா உழைக்கும். வருஷக்கணக்குல பானெட்டைத் திறக்கவே வேண்டாம்ங்கிறான்."

"உங்களுக்கு எது வேணும்?"

"எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. வழியில நிக்காத வண்டி."

"நிக்கவே கூடாது?"

"நிக்கவே கூடாது."

சாமியம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ரெண்டையும் கொண்டாங்க. ஏறிப் பாத்துருவோம்."

திங்கட்கிழமை ஐராவதம் வந்தது.

கூட வந்த விற்பனையாளர் மூன்றாவது வளைவிலேயே வாந்தி எடுத்திருந்தார். மடத்தில் பாய் கேட்டு வாங்கிப் படுத்துவிட்டார். அவர் நெஞ்சின்மேல் கிடந்த விளம்பரத் தாளில் 'மலைப்பாதையிலும் தாலாட்டு' என்று அச்சடித்திருந்தது.

ஆவுடையப்பன் ஓட்டினார். சாமியம்மா பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஐந்தாவது வளைவைத் தாண்டியதும் ஆவுடையப்பன் அவர் பக்கம் திரும்பினார்.

"எப்படி இருக்கு, சாமியம்மா?"

"மெத்தை."

"நான் சொல்லலை?"

"முதுகு இருக்கிறதே தெரியலை."

"அதான் ஐராவதம்!"

"வெளிச் சத்தம் ஒண்ணுகூட உள்ள வரலையே."

"ரெட்டைக் கண்ணாடி, சாமியம்மா. இடி இடிச்சாக்கூடக் கேக்காது."

"அதான் பாத்தேன். அந்தம்மா வாய் மட்டும் அசைஞ்சுது. என்ன சொன்னாங்கன்னு தெரியலை."

"எந்தம்மா?"

"கூடையோட நின்ன அம்மா."

ஆவுடையப்பன் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வளைவு மறைந்துவிட்டது. அவர் சீட்டைச் சாய்க்கும் பொத்தானைச் சாமியம்மாவுக்குக் காட்டித் தந்தார்.

செவ்வாய்க்கிழமை கடோத்கசன் வந்தது. மழையும் வந்தது.

இந்த விற்பனையாளர் வாந்தி எடுக்கவில்லை. ஆனால் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, யாரும் கேட்காமலே பாயை நோக்கிப் போனார்.

சாமியம்மா சமையலறையிலிருந்து ஒரு சாக்குப் பையோடு வந்தார். அதன் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்துக்கொண்டார். மலையில் மழைக்கு எல்லாரும் போடுவது அதுதான். கொங்காணி என்பார்கள்.

"நீங்க எஞ்சினை எல்லாம் நல்லாப் பாத்துட்டு மெதுவா வாங்க. நான் முன்னால நடக்கேன்."

"இந்த மழையிலயா? முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"நடந்தா நல்லதுன்னு வைத்தியர் சொல்லியிருக்கார். வழியில ஏறிக்கிறேன்."

ஆவுடையப்பன் எஞ்சினைப் பார்த்தார். டயரைத் தட்டினார். அடியில் குனிந்து பார்த்தார். அரை மணி கழித்து வண்டியை எடுத்தார்.

எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. இதுதான் வண்டி.

இறக்கத்தில் அது சறுக்கவில்லை. சேற்றில் திணறவில்லை. ஓடையாகிப்போன பாதையில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போனது. எஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை. ஐப்பசியில் பழைய வண்டி நின்றுபோன அதே இடத்தைக் கடக்கும்போது அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"நிக்குமா? இது நிக்குமா?" என்று ஸ்டியரிங்கைத் தட்டிக் கேட்டார்.

ஐந்தாவது வளைவில் கொங்காணி போட்ட இரண்டு பெண்கள் ஒரு பலாப்பழத்தோடு நின்றார்கள். ஒருத்தி கையைக் காட்டினாள். ஆவுடையப்பன் அவர்கள்மேல் சேறு தெறிக்காமல் ஒதுங்கி ஓட்டினார். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்.

சாமியம்மா நல்ல நடைக்காரர், இன்னும் கீழே போயிருப்பார் என்று நினைத்தார்.

அடுத்த வளைவிலும் அவர் இல்லை. அதற்கடுத்த வளைவிலும் இல்லை. அடிவாரமே வந்துவிட்டது.

டீக்கடையில் விசாரித்தார்.

"சாமியம்மாவா? வரலையே, அண்ணாச்சி. நீங்கதான் கூட்டிட்டு வருவீங்கன்னு நெனச்சோம்."

குருவைத் தேடி அலைந்த சீடர்களைப் பற்றிக் கதைகள் நிறைய உண்டு. குருவைப் பாதி வழியில் தொலைத்தவரைப் பற்றி ஆவுடையப்பன் கேள்விப்பட்டதில்லை. ஓடிப்போய் வண்டியில் ஏறி, திருப்புவதற்காகப் பின்னால் எடுத்தார்.

அப்போது மலையிலிருந்து லொடலொடவென்று ஒரு சத்தம் இறங்கி வந்தது.

சேவியரின் ஜீப். உள்ளே மூச்சுவிட இடமில்லை. பின்னால் தொத்திக்கொண்டு வந்தவர்களின் கக்கத்தில் கோழிகள். ஜீப் டீக்கடை வாசலில் நின்றது. சேவியர் இறங்கி, சுற்றி வந்து, கயிற்று முடிச்சை அவிழ்த்தான். நனைந்த முடிச்சு. நேரம் ஆயிற்று.

முதலில் ஒரு பலாப்பழம் இறங்கியது. அதன் பின்னால் ஐந்தாம் வளைவு பேச்சியம்மா இறங்கினாள். ஆவுடையப்பனைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி, திங்கக்கிழமை கூப்பிட்டுப் பாத்தேன். இன்னிக்குக் கையைக் காட்டிப் பாத்தோம். நாளைக்கு என்ன செய்ய? ரோட்டுக்குக் குறுக்கப் படுக்கட்டுமா?"

ஜீப்பில் சிரிப்பு எழுந்தது. ஒரு கோழியும் கத்தியது.

அவளுக்குப் பின்னால், கொங்காணி போட்ட இன்னொருத்தி சேவியரின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். சாக்கைத் தலையிலிருந்து எடுத்து உதறினாள்.

ஆவுடையப்பனின் வாய் திறந்தது. மூடவில்லை.

"சாமியம்மா..."

சாமியம்மா கடோத்கசனை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அதன் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, மாட்டைத் தட்டுவதுபோல் தட்டிக் கொடுத்தார்.

"நல்ல வண்டி, ஆவுடையப்பன். நீங்க கேட்டது இதுதான். நானும் எவ்வளவோ நேரம் கை காட்டினேன்."

சாக்கைப் பிழிந்தார்.

"நிக்கவே இல்லை."

ஆவுடையப்பன் கடைசியில் வாங்கியது ஐராவதம் என்று ஒரு பாடமும், கடோத்கசன் என்று ஒரு பாடமும் மலையில் வழங்குகின்றன. தை பிறந்ததும் புது வண்டி ஓடத் தொடங்கியது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. சித்திரை முடிவதற்குள் அதற்குப் பிரேக் ஷூ தேய்ந்துபோய், புதிதாக மாற்ற வேண்டியிருந்தது.