நூறடி வாங்கிய மகாராஜா

முன்னொரு காலத்தில் பூவனூர்ச் சீமையை மாறவிசயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் விடிந்ததும் ஒரு சட்டம் போடுவார், கஞ்சி குடித்ததும் அதை மாற்றுவார். அதனால் ஜனங்கள் மத்தியானம் வரைக்கும் எந்தச் சட்டத்துக்கும் பயப்படுவதில்லை.

அவருடைய ஆஸ்தானப் புலவர் மகாமேருக் கவிராயர். அரண்மனைப் பள்ளிக்கூடமும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. அங்கே பிள்ளைகள் பிரம்பைப் பார்த்துப் பார்த்து அரண்டு, சொந்தப் பெயரையே திக்கித் திக்கித்தான் சொல்லும். கடைத்தெருவில் நல்லமுத்து வாத்தியார் என்று இன்னொருவர் இருந்தார். அவரிடம் பிரம்பே கிடையாது. அவருடைய பிள்ளைகளோ கணக்கு, பாட்டு எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிக்கும். கவிராயருக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

ஒருநாள் ராஜா காதில் ஓதினார். “மகாராஜா, அடிக்காமல் படிப்பு வருமா? பெற்றவர்களே ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிங்க’ன்னு சொல்லித்தானே பிள்ளையைக் கொண்டுவந்து விடுகிறார்கள்! அந்த நல்லமுத்து ஊர்ப் பிள்ளைகளைக் கெடுக்கிறான்.”

“அப்படியா சேதி? நீரே ஒரு சட்டம் எழுதும்.”

கவிராயர் எழுதினார். எல்லோருக்கும் புரிகிற மாதிரி எழுதினால் அவர் கௌரவம் என்ன ஆவது? செய்யுள் நடையில் எழுதினார்: ‘பாடம் பிழைத்த பிள்ளைக்கு ஆசான் நாலடி தருக. தாரா ஆசானின் கை தறிக்கப்படும்.’ தறிப்பது என்றால் வெட்டுவது. வெட்டு என்று சொன்னால் அவர் வாய் சுட்டுவிடும்.

அன்றைக்கென்று ராஜா கஞ்சி குடித்த பிறகும் சட்டத்தை மாற்றவில்லை. நல்லமுத்து வாத்தியார் பதறியடித்துக்கொண்டு மந்திரி அம்பலவாணரிடம் ஓடினார்.

“ஐயா, பிள்ளைகளை அடிக்க எனக்கு மனசு வராது. இந்தக் கை போனால், விரலைப் பிடித்து மணலில் எழுத எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்? என் பிழைப்பே போச்சு!”

மந்திரி ஒரு சிட்டிகை மூக்குப்பொடி போட்டார். சட்டத்தை இரண்டு தரம் படித்தார். “ஓய், இதில் பிரம்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்டுவிட்டு, வாத்தியார் காதில் என்னவோ சொன்னார்.

ஒரு மாதம் போனது. கவிராயர் கையில் ஒரு பிரம்போடு சபைக்கு வந்தார். “மகாராஜா, கடைத்தெருப் பிள்ளைகளில் ஒன்றின் முதுகிலும் தழும்பு இல்லை. சட்டத்தை மதிக்காதவனின் கையை இப்போதே வாங்க வேண்டும்.”

வாத்தியாரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கூடவே அவரிடம் படிக்கிற செம்பாயியும் வந்து நின்றாள். வாளோடு ஒருவன் தயாராக நின்றான்.

“பிழை செய்தால் நாலடி கொடுத்தீரா, இல்லையா?” என்று ராஜா கேட்டார்.

“கொடுத்தேன் மகாராஜா. இந்தப் பெண் நேற்றுக்கூட வகுத்தல் கணக்கில் தப்புப் பண்ணி நாலடி வாங்கினாள்.”

“எங்கே வாங்கினாய், காட்டு பார்ப்போம்.”

செம்பாயி கையைக் கட்டிக்கொண்டு கணீரென்று சொன்னாள்:

“ஏழு மிளகை எட்டுப் பேருக்கு
எப்படிப் பங்கு வைப்பது மாமா?
அம்மியில் அரைத்து ரசத்தில் போடு,
ஆளுக்கோர் அகப்பை கிடைக்கும் ஆமா!”

சபை கொல்லென்று சிரித்தது. மந்திரி மட்டும் சிரிக்காமல் விரல் விட்டு எண்ணினார். “நாலடி சரியாக இருக்கிறது மகாராஜா.”

“அநியாயம்! அடி என்றால் அடிப்பது! சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!” என்று கவிராயர் குதித்தார்.

“எனக்கு இலக்கணம் போதாது, கவிராயரே,” என்றார் மந்திரி. “ஒன்று கேட்கிறேன். போன விஜயதசமிக்கு மகாராஜாவுக்கு நீர் எத்தனை அடி கொடுத்தீர்?”

அடி என்றதும் கவிராயருக்கு மார்பு விம்மியது. “நூறு அடி! மூச்சு விடாமல் நூறு அடி! இதே சபையில், எல்லோரும் பார்க்கக் கொடுத்தேன். மகாராஜா சந்தோஷமாக வாங்கிக்கொண்டு எனக்குப் பல்லக்குக் கொடுத்தார்!”

மந்திரி வாள்காரன் பக்கம் திரும்பினார். “அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கம் வந்து நில். மகாராஜாவை அடித்தவர் இவர்தான். தானே ஒப்புக்கொண்டார்.”

“ஐயோ! அது பாட்டு அடி! பாட்டு அடி!”

“வாத்தியார் கொடுத்ததும் அதுதானே?”

ராஜாவுக்கு ஒரு சந்தேகம். பிரம்பை வாங்கிக் கவிராயர் தலைக்கு மேல் ஓங்கினார். “அந்த நூறில் முதல் அடியைச் சொல்லும்.”

“மா… மா… மா…”

“மேலே?”

“மா… மறந்துபோச்சு மகாராஜா.”

அந்தப் பாட்டு ‘மாறவிசயா’ என்று ராஜாவின் பெயரில்தான் தொடங்குகிறது. ராஜாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பிரம்பைக் கீழே இறக்கியதும் கவிராயருக்கு நூறு அடியும் மளமளவென்று வந்தது. அவரை நிறுத்துவதற்குள் சபைக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

“வாத்தியாரே, நீர் ஏன் அடிப்பதில்லை?”

“அடித்தால் பிள்ளை பாடத்தைப் பார்க்காது மகாராஜா. என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.”

ராஜா கவிராயரைப் பார்த்தார். “நாளை முதல் இந்தச் சீமையில் பிள்ளைகளை யாரும் அடிக்கக் கூடாது. நீர் இவர் பள்ளிக்கூடத்தில் போய் உட்காரும். பிழை விட்டால் உமக்கும் நாலடி உண்டு. அதைச் செம்பாயி எழுதித் தருவாள்.”

பிறகு, பிரம்பும் கையுமாக வாத்தியார் முன்னால் வந்து நின்றார். “கையை நீட்டும்.”

இந்த ராஜாவுக்குத்தான் நிமிஷத்துக்கு ஒரு புத்தி ஆயிற்றே! வாத்தியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையை நீட்டினார். ராஜா பிரம்பைத் தூர வீசிவிட்டு, தன் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றி அவர் கையில் மாட்டினார்.

கண்ணைத் திறக்காமலே வாத்தியார் கேட்டார். “வெட்டியாச்சா மகாராஜா?”

“ஆச்சு,” என்றார் ராஜா. “இரண்டு நாளைக்குக் கொஞ்சம் கனமாக இருக்கும். பழகிவிடும்.”